நிலுவையில் இருந்த கேள்வி

1

நம் ஊர்ச் சங்கத்தின் இந்த ஆண்டுமலரில் அயலகப் பகுதிக்கு எழுதுகிறவர்களில் மிகக் குறைந்த தூரம் போனவன் நான்தான். மற்றவர்கள் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதுகிறார்கள். பாலைவனம், பனிமூட்டம், விமான நிலையம் எல்லாம் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. நான் கடந்தது ஆரியங்காவுக் கணவாய் ஒன்றைத்தான். அதுவும் மீட்டர்கேஜ் ரயிலில், மடியில் புளியோதரைப் பொட்டலத்தோடு. ஆனாலும் மலர்க் குழுவினர் என்னை ஒவ்வொரு முறையும் அயலகத்தில்தான் சேர்க்கிறார்கள். நானும் ஆட்சேபிப்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மட்டாஞ்சேரியில் இருந்துவிட்டு, அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் "ஒரு சாயா" என்று கேட்டவனை வேறு எந்தப் பகுதியில் சேர்ப்பது?

இந்த முறை எழுத வைத்தது ஒரு கல்யாணப் பந்தி. போன சித்திரையில் என் தம்பி சங்கரனின் மகனுக்கு ஊரில் கல்யாணம். பக்கத்து இலையில் ஒன்றுவிட்ட மச்சான் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஒரே மகள் கோமதி ஹாலந்துக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போவது அவருக்குத் தெரியும்.

"கோமதி அங்க என்ன வேல பாக்கா மாப்ள?"

"கம்ப்யூட்டர்."

"அது தெரியும். இப்ப மாடு மேய்க்கவன் தவிர எல்லாவனும் கம்ப்யூட்டர்தான். அதுல என்ன?"

"ரிப்போர்ட் எடுக்க வழி பண்ணிக் குடுக்கா."

"யாருக்கு?"

"கேக்கவனுக்கு."

"அவன் என்ன கேப்பான்?"

அந்த நேரத்தில் ரசம் வந்து என்னைக் காப்பாற்றியது.

அன்று சாயங்காலம் சங்கரன் மாடி அறையைத் திறந்துவிட்டான். நாங்கள் ஊருக்குத் திரும்பும்போது இருப்பதற்கென்று அவன் வருஷக்கணக்கில் காலியாக வைத்திருக்கும் அறை அது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கிறான். எனக்கும் என் மனைவி பகவதிக்கும் இரண்டு கட்டில்கள் போட்டிருக்கிறான். "எப்பண்ணே வாறீய?" என்று கேட்டான். வழக்கம்போல, "கோமதி விஷயம் ஒண்ணு தெளியட்டும்" என்றேன். மறுநாள் கல்யாணப் பிள்ளையும் பெண்ணும் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் பால் காய்ச்சினார்கள். வீட்டில் இடமில்லையா என்று பெண் வீட்டார் யாரோ கேட்டதற்கு, "மாடி பெரியப்பாவுக்குள்ளது" என்று புது மாப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னான்.

மச்சானின் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதிக்கொண்டு போனால் சங்கரனின் கேள்விக்கும் வந்து சேர வேண்டியிருக்கிறது.

2

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். வில்லிங்டன் தீவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். தினமும் காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி அக்கரைக்குப் போவது, மாலையில் திரும்புவது. இடையில் கோப்புகள்.

எங்கள் அலுவலகத்தில் 'குவரி' என்று ஒரு கலை உண்டு. ஒரு கோப்பில் முடிவெடுக்க விருப்பமில்லை என்றால் அதை மறுக்கக் கூடாது. மறுத்தால் மேல்முறையீடு வரும், மேலதிகாரி கூப்பிடுவார், நாமே எழுதியதை நாமே படித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினால் போதும். 'முந்தைய கடிதத்தின் நகல் இணைக்கப்படவில்லை.' 'பத்தி மூன்றில் தற்காலிகமாக என்பதன் கால அளவு தெளிவுபடுத்தப்பட வேண்டும்.' நல்ல குவரி என்பது நியாயமாகவும் இருக்க வேண்டும், பதில் கிடைக்கவும் கூடாது. நான் அதில் பேர் பெற்றவன். என்னுடைய ஒரு குவரிக்கு இன்றுவரை பதில் வரவில்லை. கேட்டவன் ஓய்வு பெற்றுவிட்டேன், கேட்கப்பட்டவர் காலமாகிவிட்டார், கோப்பு நலமாக இருப்பதாகக் கேள்வி.

நான் தோற்ற இடமும் ஒன்று உண்டு. இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் வீட்டுப்பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். மலையாளிகளுக்குக் குடும்பத்துக்கு ஒரு வீட்டுப்பேர் உண்டு, மனிதனுக்கு முன்னால் அது நிற்கும். நமக்கு ஊர் உண்டு, அப்பா பெயர் உண்டு, வீட்டுக்குப் பெயர் கிடையாது. நான் அந்தக் கட்டத்தில் எப்போதும் ஒரு சிறு கோடு போடுவேன். கோமதியைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அந்தக் கோட்டைக் குமாஸ்தா விடவில்லை.

"வீட்டுப்பேர் இல்லாத்த வீடோ? பின்னே எவிடெயா சாரே தாமஸம்?"

கொச்சங்காடியில், பாண்டிகசாலைக்கு மேலே என்றேன். பாண்டிகசாலை என்றால் சரக்குக் கிடங்கு. எங்கள் வாடகை மாடிக்குக் கீழே அப்போது சுக்கும் மஞ்சளும் அடுக்கியிருந்தார்கள், இப்போதும்தான். அவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து என் மகள் பாண்டிகசாலை கோமதி. பள்ளி இறுதிச் சான்றிதழில் அது ஏறியபிறகுதான் பார்த்தேன். திருத்துவதற்கான நடைமுறை என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் விட்டுவிட்டேன்.

அவள் படித்தது மலையாளம். தமிழ் பேசுவாள், வாசிக்கத் திணறுவாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மாவுக்கு எழுதி வைக்கும் சீட்டுகள் தமிழ் வாக்கியங்களாகவும் மலையாள எழுத்தாகவும் இருக்கும். 'அம்மா, மாவு அரைக்கணும், மறக்கண்டாம்.' பகவதிக்கு அது ஒரு சிரமமாகத் தோன்றியதே இல்லை. நான்தான் அதைப் பார்த்து ஒரு மொழி எந்தப் பக்கத்திலிருந்து கரைகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அவளோடு என் பேச்சுக்கு ஒரு வரிசை இருந்தது. சாயங்காலம் வந்ததும், "பஸ் கெடச்சுதா?" பிறகு, "சாப்டியா?" பிறகு, "அம்மாட்ட சொல்லிட்டியா?" எதை என்பது முக்கியமல்ல. மூன்றுக்கும் "ம்" என்பாள். இதைத்தான் நான் உரையாடல் என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

3

இனி மச்சானுக்கு.

இணையத்தில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. சாமான் வாங்க நாம் கடைக்குப் போக வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் அந்தக் கடையின் பக்கங்களைத் திறந்து பார்த்தால் போதும். அப்படி யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடைக்காரரின் இயந்திரம் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எந்த இயந்திரத்திலிருந்து, எந்த வழியாக வந்தார் என்று. எங்கள் அலுவலக வாசலில் காவலாளி எழுதிய வருகைப் பதிவு போலத்தான், இது தூங்குவதில்லை என்பதைத் தவிர. இந்த வரிகள் சேர்ந்த கோப்புக்கு லாக் ஃபைல் என்று பெயர். பெரிய கடையென்றால் ஒரு நாளில் லட்சக்கணக்கான வரி சேரும். மனிதன் உட்கார்ந்து படிக்க முடியாது.

அதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை, களமசேரியில் ஒரு பேக்கரிக்கு மேலே அறை எடுத்து, நான்கு பேர் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். பிஜு என்ற இளைஞனின் கம்பெனி. கோமதி அந்த நால்வரில் ஒருத்தி. கொச்சங்காடியிலிருந்து தோப்பும்படி போய், பாலம் கடந்து, எர்ணாகுளத்தில் பஸ் மாறி, களமசேரி. நல்ல பொருள் செய்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கத்துக்குக் கூட்டம், எந்த நேரத்தில் கூட்டம் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு அறிக்கைகள் பொத்தானை அழுத்தினால் வரும். வாங்கியவர்கள் ஒரு மாசம் ரசித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் கடிதம் போட ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு, விலை எழுதிய பக்கத்தைப் பார்த்ததும் ஓடிப்போனவர்கள் எந்த வழியாக வந்தவர்கள் என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு, இரண்டாம் முறை வந்தவர்கள் முதல் முறை எதைப் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும். அந்தப் பன்னிரண்டில் இது எதுவும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கோமதி உட்கார்ந்து புதிதாக ஓர் அறிக்கை எழுதி அனுப்புவாள். அது போய்ச் சேரும்போது அவர்களுக்கு வேறு கேள்வி வந்திருக்கும்.

ஆகவே, கேட்கிறவனே கேட்டுக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். எந்தக் கட்டம், என்ன நிபந்தனை என்று அவனே தேர்ந்தெடுத்துக் கேள்வியை அமைப்பான், மென்பொருள் பதில் சொல்லும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பொருளில் இந்த வசதியைச் சேர்ப்பதுதான் கோமதியின் வேலை. ஒரு வருஷத்துக்கு மேல் அதில் கிடந்தாள். மச்சான், அவள் பார்க்கிற வேலை இதுதான்.

ஒரு நாள் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே விளக்கினாள்.

"இதுவரைக்கும் நாங்க சமச்சு வச்சத அவங்க தின்னாங்கப்பா. இனிமே அடுக்களையத் தொறந்து விடணும். அரிசி எங்க, உப்பு எங்கன்னு அவங்களே எடுக்கணும். ஆனா கையச் சுட்டுக்கக் கூடாது. அதான் பாடு."

"என் அடுக்களைல ஒருத்தரையும் விடமாட்டேன்" என்றாள் பகவதி.

"அதுக்குத்தான் அப்பாவுக்கு இன்னும் உப்பு எங்க இருக்குன்னு தெரியல."

"தெரியும்" என்றேன்.

"எங்க?"

கொஞ்சம் மீன்கறி போட்டுக்கொண்டேன்.

ஒன்று எனக்கு அப்போதே தோன்றியது. அவர்களும் இந்த வசதியைக் 'குவரி' என்றுதான் சொன்னார்கள். அதே சொல்தான். அதை நான் பதில் வராமலிருக்கப் பயன்படுத்தினேன், இவள் பதில் வருவதற்கு. வயசு வித்தியாசம் என்று எண்ணிக்கொண்டேன்.

4

அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரியது ஹாலந்தில் ஒரு கம்பெனி. இணையம் வழியாக சைக்கிள் உதிரிப்பாகம் விற்கிறவர்கள். இந்தப் புதிய வசதி தயாரானால் சோதித்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் பிஜுவின் கம்பெனிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். கூடவே, அதைச் செய்தவர் அங்கேயே வந்து அந்த இரண்டு வருஷமும் இருந்து நடத்த வேண்டும். செய்தவர் கோமதி.

பிஜு வீட்டுக்கே வந்து சொன்னான். பகவதி தந்த அவலைத் தின்றுகொண்டே, "அங்கிளே, இது நடந்நில்லெங்கில் ஞங்கள் பேக்கரியில் ஜோலி நோக்கேண்டி வரும்" என்றான். இது நடக்காவிட்டால் பேக்கரியில்தான் வேலை தேட வேண்டுமாம். வாய் சிரித்தது. கம்பெனி நிற்குமா விழுமா என்பதே இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

மட்டாஞ்சேரிக்கு ஹாலந்துக்காரர்கள் புதிதல்ல. இங்கே அரண்மனைக்கே அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது மிளகுக்காக வந்தார்கள். இந்த முறை, கிடங்கை விட்டுவிட்டு அதற்கு மேல் மாடியைக் கேட்கிறார்கள் என்று பகவதியிடம் சொன்னேன்.

"அவ என்ன சொல்லுதா?" என்றாள் அவள்.

"நீ கேளு."

"ஏன், உங்க வாய்க்கு என்ன?"

கேட்கவில்லை. பஸ், சாப்பாடு, அம்மா என்று மூன்றையும் கேட்டேன். அவளும் "ம்" என்றாள். வேலை நன்றாக முடிய வேண்டும் என்று செறளாயி கோயிலில் தேங்காய் உடைத்தேன். முடிந்தால் போய்விடுவாள் என்பதால் வேண்டுதலில் தேதி எதையும் குறிப்பிடவில்லை. கடவுளுக்கே ஒரு குவரி போட்டவன் என்று நீங்கள் சிரிக்கலாம்.

5

சோதனைக்கு அனுப்புவதற்கு முந்தைய ஞாயிறு மத்தியானம் கோமதி மென்பொருளை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"அப்பா, இங்க வாங்க. ஒண்ணும் தெரியாத ஒரு ஆளு உக்காந்து கேட்டுப் பாக்கணும்."

"தகுதியான ஆளத்தான் கூப்பிட்டிருக்க."

"ஷரி, தொடங்குங்க."

ஒரு கடையின் ஒரு நாள் வரிகளை அதில் போட்டிருந்தாள். எலியைப் பிடித்து நகர்த்தக் கற்றுக்கொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சுவாரஸ்யமாகிவிட்டது. சைக்கிள் மணி பார்த்தவர்கள் எத்தனை பேர்? மணி பார்த்து விளக்கையும் பார்த்தவர்கள்? காலையில் பார்த்தவர்கள், மாலையில் பார்த்தவர்கள்? கேட்ட கணத்தில் பதில் வந்து நின்றது. நகல் இணைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷம் நான் நடத்திய உலகத்துக்கு இது அடுக்காது என்று தோன்றியது.

பழைய வழக்கம் ஒன்று கையில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டுத்தொகையை இரண்டாகப் பிரித்துக் கேட்டு, திரும்பச் சேர்த்துப் பார்ப்போம். வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ள நல்ல வழி. தேடும் தளங்கள் வழியாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அந்த வழியாக வராதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டையும் கூட்டினேன். பழைய அறிக்கையில் இருந்த மொத்தத்தை விடக் குறைவாக வந்தது. கொஞ்சமாக அல்ல.

"கோமு, கணக்கு இடிக்கு. ஆளுங்க கொறையுதாங்க."

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலில் சாய்ந்து, கீழே கிடங்கில் சாக்கு இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்பா."

"தெரியுமா?"

"எந்த வழியா வந்தாங்கங்கிற கட்டத்துல சிலருக்கு ஒரு கோடுதான் இருக்கும். நேரா வந்தவங்க. வெலாசம் தெரிஞ்சு அவங்களே வந்தது, யாரும் அனுப்பல. ப்ரோக்ராம் அந்தக் கோட்டப் பாத்து காலின்னு நெனச்சுத் தள்ளிருது. அந்த வழியா வந்தவங்களான்னு கேட்டாலும் வரமாட்டாங்க, வராதவங்களான்னு கேட்டாலும் வரமாட்டாங்க."

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு சாயா குடிக்கிற நேரம்."

"பிஜுட்ட சொன்னியா?"

"இல்ல."

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"கொஞ்ச நாளாச்சு."

நான் எலியை விட்டுவிட்டேன். எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த வாரம் ஹாலந்தில் ஒருவன் நான் செய்ததையே செய்வான். கூட்டத் தெரியாத மென்பொருள் என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவான். போகிறேன் என்று இவள் சொல்ல வேண்டியதில்லை, போகவில்லை என்றும் சொல்ல வேண்டியதில்லை. நியாயமான ஒரு காரணத்தில் கோப்பு நின்றுவிடும்.

அந்த ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கலை அழியவில்லை. இந்தப் பெண் மலையாளத்தில் எழுதுகிறாள், களமசேரியில் வேலை பார்க்கிறாள், என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேனே. அடுத்த கணம் வேறொன்று தோன்றியது. நான் பேசாமல் எழுந்து போய்ச் செய்தித்தாளை விரித்தால் போதும். அவள் இங்கேயே இருப்பாள். சாயங்காலம் பஸ் கிடைத்ததா என்று கேட்கலாம்.

செய்தித்தாள் நாற்காலியில்தான் கிடந்தது.

"அந்த வேல... அதாவது அவங்க சொன்ன ஏற்பாடு... அதோட விதிமுறையெல்லாம்..." என்று தொடங்கினேன்.

"என்னப்பா?"

அவளிடம் என் வாழ்நாளில் கேட்காத மாதிரியான ஒன்றைக் கேட்டேன்.

"ஒனக்குப் போகணும்னு இருக்கா, கோமு?"

ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"இருக்கு" என்றாள். பிறகு, "நல்லாவே இருக்கு."

"பின்ன ஏன் இது?"

"நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் எப்படிப்பா? அம்மாவுக்கு சுகர். மாத்திரை நான் எடுத்து வச்சாத்தான் தின்னும். உங்களுக்கு ஒரு பல்பு மாத்தத் தெரியாது. போறேன்னு சொல்லவும் பயம், போகலேன்னு சொன்னா பிஜு சேட்டனோட கம்பெனி பூட்டிரும். ஒண்ணும் சொல்லாம இருக்க இதுதான் கெடச்சுது."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் எப்போது நின்றதென்று கவனிக்கவில்லை. பகவதி வாசல்படியில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"மாத்திரை டப்பாவுல கெழமை எழுதி ஒட்டிட்டுப் போ. பல்பு மாத்த கீழ கெடங்குல ஆளா இல்ல?" என்றாள். "நான் இந்த ஊருல வந்து எறங்குனப்ப எனக்கு ஒரு வாக்கு மலையாளம் தெரியாது. இவரு என்னைக்குத் திரும்பப் போலாம்னு ரயில் நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் மீன்காரிகிட்டப் போயி நின்னேன். மொத நா ஏமாத்துனா. ரெண்டா நாளும் ஏமாத்துனா. மூணா நாளு நான் ஏமாத்துனேன். ஒனக்கு அங்க ஒரு மீன்காரி இல்லாமலா போயிருவா?"

"அம்மா, அங்க மீனு பொட்டலத்துல இருக்கும்."

"அப்ப ஏமாத்த ஆளில்ல, இன்னும் லேசு. போ, அதச் சரி பண்ணு. நான் சாயா போடுதேன்."

கோமதி உட்கார்ந்தாள். அம்மா தந்த டம்ளர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்க, திரையில் எதையோ தட்டினாள், அழித்தாள், தட்டினாள். பிறகு என்னை அழைத்து மறுபடியும் கேட்கச் சொன்னாள். இரண்டையும் கேட்டேன், கூட்டினேன். மொத்தம் சரியாக வந்தது. நேராக வந்தவர்கள் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

"கோடுன்னா காலி இல்லப்பா" என்றாள். "நீங்க வீட்டுப்பேரு கட்டத்துல போடுற கோடு மாதிரி. அதுவும் ஒரு பதில்தான்."

டம்ளரில் ஆடை படிந்திருந்தது. குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். சூடு போய்விட்டது என்று பகவதி திட்டினாள்.

6

அதற்குப் பிறகு நடந்தது என் ராஜ்ஜியம். பாஸ்போர்ட், காவல் நிலைய விசாரணை, விசா. எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாள் இருக்க வேண்டும், எங்கே சான்றொப்பம், எங்கே வெறும் கையொப்பம் என்று எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தேன். ஒரு மேசையிலிருந்தும் ஒரு கேள்வி எழவில்லை. எந்தக் கேள்வி எழும் என்று முப்பது வருஷம் எழுப்பியவனுக்குத் தெரியாதா? விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் மட்டும், பாண்டிகசாலை என்ற வீட்டைத் தேடிக் கீழே கிடங்குக்குள் போய், சுக்கு நெடியில் தும்மிக்கொண்டே மாடி ஏறி வந்தார்.

ஹாலந்துக்காரர்கள் சோதித்தார்கள், ஒப்பந்தம் வந்தது, பிஜு பேக்கரியில் வேலை தேட வேண்டியிருக்கவில்லை. நெடும்பாசேரி விமான நிலையத்தில் கோமதி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, வாயசைவில் பகவதி கேட்டாள், "சாப்டியா?" அவளும் தலையாட்டினாள். அந்தக் கேள்வியை நான் இனி கேலி செய்யப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம், அவள் சொன்ன ஏற்பாடு. பஸ், சாப்பாடு, அம்மா என்ற மூன்றும் முடிந்ததும், இதுவரை கேட்காத ஒரு கேள்வியை ஆளுக்கு ஒன்று கேட்க வேண்டும். மழை வந்தால் அங்கே என்ன மணம் வரும் என்று கேட்டேன். ஒரு மணமும் இல்லை, அதுதான் கஷ்டம் என்றாள். இங்கே மழை ஈரத்தில் கிடங்கிலிருந்து சுக்கும் மஞ்சளும் மேலே வரும், தும்மாமல் வளர்ந்த பெண் அவள். இன்னொரு ஞாயிறு, அங்கே ஒருத்தரையாவது ஏமாற்றினாயா என்று பகவதி கேட்டாள். சைக்கிள் பழுது பார்க்கிறவனிடம் பேரம் பேசினேன், அவன் பயந்துபோய்க் குறைத்துவிட்டான் என்றாள். பகவதி அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள்.

கல்யாணத்துக்கு அவளால் வர முடியவில்லை. ஊரிலிருந்து திரும்பிய பிறகு வந்த ஞாயிறு, பந்தி விவரம் எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். வாடகை வீட்டைப் பற்றியும், மாடி பெரியப்பாவுக்கு உள்ளது என்று பையன் சொன்னதைப் பற்றியும் சொன்னேன்.

"அப்பா, என்னோட கேள்வி. நீங்க எப்பவாவது அந்த மாடிக்குத் திரும்பிப் போவீங்களா?"

"அது பல விஷயங்களப் பொறுத்தது. ஒன்னோட ரெண்டு வருஷம் முடியட்டும், அப்புறம் அம்மாவோட வைத்தியம்..."

"திருப்பி அனுப்பாதீங்கப்பா."

பகவதி பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல் அதிகம் இல்லாத அரிசி. கை நின்றிருந்தது.

"இல்ல" என்றேன்.

"இப்ப இல்லையா, எப்பவும் இல்லையா?" அவள் தொழில் அப்படி. நிபந்தனையைச் சரியாக அமைக்காமல் விடமாட்டாள்.

"எப்பவும் இல்ல. இங்கதான் இருப்போம்."

பகவதி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுக்களைக்குள் போய், அங்கிருந்து, யாரிடம் என்றில்லாமல், "இத இந்த மனுஷன் எனக்கும் ஒரு வாட்டி சொல்லிருக்கலாம்" என்றாள். பிறகு அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

சங்கரா, இந்த மலர் வந்ததும் நீதான் முதலில் எடுத்துப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். எப்ப வாறீய என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்துவிட்டுக் கேட்டாய். பதில் இதுதான். வர மாட்டோம். கல்யாணம் காட்சிக்கு வருவோம், கூடத்தில் பாய் போட்டால் போதும். மாடி அறையைப் பிள்ளைகளுக்குக் கொடு. கட்டில்கள் இரண்டும் நல்லவை, அவற்றையும் வைத்துக்கொள்ளட்டும். தெற்கு ஜன்னலின் கொண்டி மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், இழுத்தால் வராது, சற்று மேலே தூக்கித் தள்ள வேண்டும். அதை மட்டும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடு.